பதினொரு வருடத்தில் இரண்டு நாடகம்

வாசகர் கேள்வி: உளவளத்துணையாளரின் பதில்

கொக்குவிலில் இருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு 37 வயது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். உயர்தரம் வரை யாழ்ப்பாணத்தில் படித்தவர், வேலைக்காகக் கொழும்பு போய் 11 வருடம் அங்கே இருந்தார். தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்ததால் இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு திரும்பினார். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் இருக்கிறார். மனைவி தென்மராட்சிக்காரர், வங்கியில் வேலை. ஏழு வயதில் ஒரு மகள்.

"இந்த ஊரில் மூச்சு முட்டுகிறது" என்று தொடங்குகிறது கடிதம். அலுவலகத்தில் காணி விலை, பவுண் விலை, விசா, பிள்ளைகளின் ரியூஷன் தவிர வேறு கதை இல்லை. நல்ல படம் பார்க்க இடமில்லை. இலக்கியக் கூட்டம் என்று போனால் மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை. புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது சனம் எழும்பிப் போகிறது. "யாழ்ப்பாணம் ஒரு கலாசாரப் பாலைவனம்" என்று முகநூலில் எழுதினார். அலுவலகத்தில் இரண்டு பேர் முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினார்கள். சாவகச்சேரியில் மனைவியின் உறவினர் வீட்டில் ஒரு நாள், மனைவி ரசித்த ஒரு படத்தை எல்லோர் முன்னாலும் "குப்பை" என்றார். அன்றிரவு மனைவி, "உங்களோடை இருக்கேக்கை நான் படிக்காத ஆள் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மகளின் அறையில் போய்ப் படுத்திருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் வேறொன்றும் இருக்கிறது. ஒரு நூல் வெளியீட்டில் பேச அழைத்தார்கள். நாவலில் நாற்பது பக்கம்தான் வாசித்திருந்தார். மேலைத்தேயக் கோட்பாடுகள் சிலவற்றைச் சொல்லி இருபது நிமிடம் பேசினார். பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அந்தக் கிணறு கடைசியில ஏன் தூர்க்கப்படுகுது எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. வெளியே வந்தபோது அதே ஆசிரியர் பக்கத்தில் வந்து, "நேரம் கிடைச்சால் வீட்டுப் பக்கம் வாரும் தம்பி, ஆறுதலாய்க் கதைப்பம்" என்றிருக்கிறார். "என்னை அவமானப்படுத்தவே அப்படிச் சொன்னார்" என்று எழுதுகிறார் வாசகர். அன்று தொடக்கம் நித்திரை சரியில்லை. கேள்விகள் மூன்று: கொழும்புக்கே, தனியாகவாவது, திரும்பிப் போகலாமா? மனைவி, மகளின் ரசனையை உயர்த்துவது எப்படி? என்னில்தான் பிழையா?

அன்பின் வாசகருக்கு,

கடைசிப் பக்கத்தை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினீர்கள். அந்தத் துணிவை நம்பித்தான் இந்தப் பதிலை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் முறைப்பாட்டில் பாதி சரி

இந்த நகரம் நிறைய இழந்த நகரம். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகதெருவின் வாழ்க்கையே வெறுமையானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழும்பி நடந்தது. இன்று அறுபது, எழுபது வயதில் முன்வரிசையில் இருந்து நாடகம் பார்த்து, "இந்த இடம் சரியில்லை" என்று சொல்லியிருக்க வேண்டியவர்களில் பெரும்பகுதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறது. கலைஞன் ஒருவனை உருவாக்கக் காலம் எடுப்பது போலத்தான் சபை ஒன்றை உருவாக்கவும் காலம் எடுக்கும். நீங்கள் வெறுமை என்று உணர்வதில் ஒரு பங்கு இந்த இழப்பு. அதற்காகத் துக்கப்படலாம். ஆனால் துக்கம் வேறு, இருக்கிறவர்களை ஏளனமாகப் பார்ப்பது வேறு.

வெளியூரில் நீண்ட காலம் இருந்து சொந்த ஊருக்குத் திரும்புகிறவருக்கு வருகிற தடுமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1963இல் கல்லஹோர்ன் தம்பதியர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். போன இடத்தில் பழகுவதற்குப் பட்ட பாட்டை, திரும்பி வந்த இடத்தில் இன்னொரு முறை படவேண்டியிருக்கிறது. அந்நிய ஊரில் அதை எதிர்பார்த்துப் போகிறோம். சொந்த ஊரில் எதிர்பார்ப்பதில்லை, அதனால் ஊரிலேயே குற்றம் காண்கிறோம். தகப்பனாரின் வருத்தம், பார்த்த வேலையை விட்டு வந்தது, சம்பளக் குறைவு எல்லாம் உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு வரியாக வந்து போகின்றன. கலாசாரத்துக்கு மட்டும் ஐந்து பக்கம். அந்த ஒற்றை வரிகளைப் பற்றி யாரிடமாவது கதைத்தீர்களா?

கொழும்பில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

இரண்டாம் பக்கத்தில் ஒரு வசனம்: "லயனல் வென்ட் அரங்குக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், வேலைப்பளுவில் நேரம் கிடைக்கவில்லை, ஆனாலும் இருக்கிறது என்ற எண்ணமே போதுமாக இருந்தது."

பதினொரு வருடத்தில் இரண்டு நாடகம். உங்களைக் குத்திக்காட்ட இதை எடுக்கவில்லை. கடிதத்தின் திறவுகோலே இந்த வசனம்தான் என்று நினைக்கிறேன். கொழும்பு உங்களுக்குத் தந்தது நாடகம் அல்ல. 'நாடகம் நடக்கிற ஊரில் இருக்கிறவன்' என்ற அடையாளம். இங்கே வந்ததும் அந்த அடையாளம் போய்விட்டது. கொக்குவிலில் நீங்கள் இன்னாருடைய மகன், கணக்குப் பகுதியில் வேலை, அவ்வளவுதான். அந்த இடத்தை நிரப்ப இரண்டு வழி இருந்தது. ஒன்று, எதையாவது ஆழமாகக் கற்பது. மற்றது, மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வது. இரண்டாவது சுலபம், உடனே பலன் தரும், செலவில்லை. அதனால்தான் படித்தவர்கள் பலர் அதில் மாட்டுப்படுகிறார்கள்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஓர் ஆய்வு இருக்கிறது. 2015இல் அதிர், ரோசன்ஸ்வைக், டன்னிங் என்ற மூன்று உளவியலாளர்கள், நிதி விடயங்களில் தாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று ஆட்களிடம் முதலில் கேட்டார்கள். பிறகு நிதித்துறைச் சொற்கள் சிலவற்றைக் கொடுத்து, இவை எவ்வளவு தெரியும் என்றார்கள். அவற்றில் சில சொற்கள் ஆய்வாளர்களே இட்டுக்கட்டியவை, உலகில் இல்லாதவை. 'எனக்கு இந்தத் துறை நன்றாகத் தெரியும்' என்று நம்பியவர்களே அந்த இல்லாத சொற்களையும் கூடுதலாகத் 'தெரியும்' என்றார்கள். பட்டியலில் பொய்ச் சொற்கள் இருக்கின்றன என்று முன்கூட்டியே எச்சரித்தபோதும் அந்தப் போக்கு மாறவில்லை. அவர்கள் பொய்யர்கள் அல்ல. தெரிந்தவன் என்ற எண்ணமே, தெரியாததையும் தெரிந்தது போல் உணரச் செய்கிறது. நாற்பது பக்கத்தோடு மேடையேறிய அன்று உங்களுக்கு நடந்ததும் இதுவே.

ஆகவே "என்னில்தான் பிழையா" என்ற கேள்விக்கு என் பதில்: குணத்தில் பிழையில்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தை மாற்றலாம்.

ஒரு கொப்பி எடுங்கள். நான்கு கிழமைக்கு, பக்கத்தின் இடப்புறம் அன்று நீங்கள் உண்மையாகப் பார்த்தது, கேட்டது, வாசித்த பக்க எண்ணிக்கை. வலப்புறம் அன்று கலை, இலக்கியம் பற்றி நீங்கள் வெளியிட்ட அபிப்பிராயம், முகநூலில் போட்டதும் சேர்த்து. படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் போதும். முதல் கிழமை வலப்பக்கம் நிறைந்து இடப்பக்கம் வெறுமையாய் இருந்தால் மனம் உடைய வேண்டாம், கொப்பியை ஒளிக்கவும் வேண்டாம். இரண்டாம் கிழமையிலிருந்து ஒரே ஒரு விதி: இடப்புறம் இல்லாத எதையும் வலப்புறம் எழுத இடம் கொடுக்காதீர்கள். நாவலைப் பற்றி யாராவது கேட்டால், "நாற்பது பக்கம் வாசிச்சன், அங்காலை ஓடேல்லை" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை நாக்குக் கூசும். நான்காம் தடவை கூசாது.

காங்கேசன்துறை வீதியால் வடக்கே

'கலாசாரப் பாலைவனம்' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியால் வடக்கே சைக்கிளில் போங்கள். சிறிது தூரத்தில் இணுவில். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் தமிழுலகம் முழுதும் பெயர் சொன்ன ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் ஊர். இன்னும் கொஞ்சம் போனால் மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரிலான நுண்கலைப் பீடம். கொக்குவிலிலிருந்தே கிழக்கே திரும்பினால் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம், கைலாசபதி கலையரங்கு. நகருக்குள் 2023இல் கையளிக்கப்பட்ட 600 ஆசன மண்டபத்தோடு கலாசார மையம். 2015இல் தொடங்கிய சர்வதேச சினிமா விழா. நாடகங்கள் போடும் திருமறைக் கலாமன்றம். அல்வாயிலிருந்து வரும் ஜீவநதி சஞ்சிகை. ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் நூலகம் நிறுவனம், 2005 முதல். இவற்றில் எத்தனை இடத்துக்கு இரண்டு வருடத்தில் போனீர்கள்? கடிதத்தில் ஒன்றும் இல்லை.

இதைவிட முக்கியமானது நோட்டீஸ் ஒட்டாமல் நடப்பவை. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் ஊர்க்கோயிலில் திருவாதவூரடிகள் புராணம் படிப்பார்கள். ஒரு நாள் போய்த் தூணோரம் இருந்து பாருங்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு, சொல்லைப் பிரித்துப் படிப்பார். அடுத்தவர் பயன், அதாவது பொருள், சொல்வார். படிப்பவர் ஒரு சீரைப் பிழையாகப் பிரித்தால், கண்ணை மூடியபடி இருந்த ஒரு வயதானவர் சரியான பிரிப்பை மெதுவாகச் சொல்லுவார். படிப்பவர் கோபிக்காமல் அந்த அடியைத் திரும்பப் படிப்பார். அங்கே இருப்பவர்களில் தோட்டம் செய்கிறவர் இருப்பார், கடை வைத்திருப்பவர் இருப்பார். ஒரு பிரதியை நுணுக்கமாக வாசித்து, பிழையைச் சபையிலேயே திருத்தி, திருத்தியவருக்கும் திருத்தப்பட்டவருக்கும் மனவருத்தம் இல்லாமல் எழும்பிப் போகிற ஒழுங்கு அது. நீங்கள் தேடிய இலக்கிய உரையாடல் இதற்கு எந்த விதத்திலும் மேல் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'கலாசாரம்' என்ற சொல் இந்த மண்ணில் கதவைச் சாத்துவதற்கும் பயன்பட்ட சொல். ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சிலும் வாழ்க்கையிலும் இருந்து எழுதியவர்களை 'இழிசனர் இலக்கியம்' என்று தள்ளினார்கள். அந்த நாட்களில் சலூன் தொழிலில் இருந்த, பள்ளிப்படிப்பை இடையில் விட்ட எழுத்தாளர் டொமினிக் ஜீவா, 1966 ஓகஸ்டில் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். இதழ்களைக் கையில் கொண்டு திரிந்து விற்றார். அது நாற்பது வருடங்களுக்கு மேல், 400 இதழ்களைத் தாண்டி வந்தது. 'இந்தச் சனத்துக்கு என்ன தெரியும்' என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. அந்த வசனத்தை இந்த ஊர் முன்பே கேட்டிருக்கிறது. யார், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதை நினைத்துப் பார்த்து, அதை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மனைவியும் மகளும்

ரசனையை உயர்த்துவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது. வங்கியில் நாள் முழுதும் நின்று, மாமனாரைப் பராமரித்து, இரவு ஒன்பது மணிக்கு ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்தவருக்குத் திருத்தம் தேவையில்லை. அவருக்குக் காயம் பட்டிருக்கிறது. அது பலர் முன்னால் பட்ட காயம், அதனால் தனியே கேட்கிற மன்னிப்பு பாதிதான். முதலில் வீட்டில் சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காமல்: "அண்டைக்குச் சாவகச்சேரியில நான் உம்மைக் குறைச்சுக் கதைச்சது பிழை." 'ஆனால்' என்று தொடங்கும் எதையும் பின்னால் ஒட்டாதீர்கள். அடுத்த முறை அதே உறவினர் வீட்டுக்குப் போகும்போது, பேச்சோடு பேச்சாக, ஒரு வசனத்தில் அங்கும் சொல்லுங்கள். நீட்டினால் அவருக்கே கூச்சமாகிவிடும். அதன் பிறகு அவர் விரும்பும் படம் ஒன்றை அவரோடு இருந்து முழுதாகப் பாருங்கள், கைத்தொலைபேசி இல்லாமல். எந்த இடம் பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மறுத்துப் பேசாதீர்கள்.

மகளின் சங்கீத வகுப்பை "சான்றிதழுக்குப் பாடுகிற வகுப்பு" என்று நிறுத்தியிருக்கிறீர்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற குறை பல வகுப்புகளில் இருப்பது உண்மை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சரளிவரிசை என்பது குரலைச் சுருதியில் நிறுத்தப் பழகுவது. எந்த நோக்கத்துக்குப் பழகினாலும் அது தொண்டையில் தங்கும். வகுப்பை மீண்டும் தொடங்குங்கள். பரீட்சைக்கு அவசரப்படுத்த வேண்டாம் என்று மட்டும் ஆசிரியையிடம் சொல்லலாம்.

கொழும்புக்குப் போவது பற்றி

தகப்பனாரின் நிலை, மனைவியின் இடமாற்றம், வாடகை, மகளின் பள்ளிக்கூட அனுமதி ஆகியவற்றை வைத்துத்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும். மனைவியோடு இருந்து, கணக்கெழுதி எடுங்கள். கலாசாரத்தை அந்தக் கணக்கில் ஒரு காரணமாகப் போடாதீர்கள். 11 வருடத்துக் கணக்கு ஏற்கனவே கையில் இருக்கிறது. தனியாகப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனைவி இன்றைக்கு இருக்கும் மனநிலையில் அதை அவர் கைவிடலாகவே எடுத்துக்கொள்வார். குறைந்தது ஆறு மாதத்துக்கு அந்தக் கதையை எடுக்க வேண்டாம்.

முகநூல் பதிவு இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அலுவலகத்தவர்களைச் சாடையாகக் குறிக்கும் இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு, அந்த இருவரிடமும் நேரில் பேசுங்கள்.

நீங்களே ஒரு வட்டம் தொடங்குவதானால்

பொன்னாடைக் கூட்டங்கள் பற்றிய உங்கள் சலிப்பு நியாயமானது. அதற்கு மாற்று, சிறியதாக ஒன்றை நடத்துவது. ஆறிலிருந்து எட்டுப் பேர். மாதம் ஒருமுறை போயா (பௌர்ணமி) தினத்தில், பின்னேரம் நாலு மணிக்கு. வங்கி, அரச அலுவலகம் எல்லாம் அன்று விடுமுறை. ஐந்தரைக்கு முடிக்க வேண்டும். இருட்டுமுன் பஸ் எடுக்க முடியாவிட்டால் பெண்கள் இரண்டாம் மாதம் வரமாட்டார்கள். இடத்துக்கு ஊர் வாசிகசாலையைக் கேளுங்கள். பத்திரிகை வாசிக்கிற அதே நீள மேசை போதும், மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம்.

நாவல் எடுக்காதீர்கள், முடித்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். பன்னிரண்டு பக்கத்துக்குள் ஒரு சிறுகதை. அங்கேயே ஒருவர் சத்தமாக வாசிக்க ஏறத்தாழ அரை மணி நேரம். வாசிக்காமல் வந்து பேசுகிற பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும், உங்களுக்கும் சேர்த்து. பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம், இடையில் யாரும் குறுக்கிடாமல். மிகுதி நேரம் பொதுக் கதை, கதையில் உள்ள வரியைக் காட்டித்தான் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் ஆறு மாதம் நீங்கள் தலைமை தாங்க வேண்டாம், கடைசி ஆளாகப் பேசுங்கள்.

இப்படியான வட்டங்கள் உடைவது பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில். எட்டுப் பேர் நாலாகும்போது நடத்துகிறவர் மனம் சோர்ந்து ஒரு மாதம் தள்ளிவைப்பார், அதோடு முடிந்தது. நாலு பேரோடும் நடத்துங்கள். பிரதம விருந்தினர் அழைக்கலாம் என்று யாராவது சொல்லுவார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். படம் காட்டும் எண்ணம் இருந்தால் கவனம்: வீட்டில் நண்பர்களோடு பார்ப்பது ஒன்று, பொதுமக்களுக்குத் திரையிடுவது வேறொன்று. பின்னதற்குத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

நித்திரை

வெளியீட்டுக்குப் பிறகு நித்திரை குழம்பியது விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருந்து, சாப்பாட்டிலும் முன்பு பிடித்தவற்றிலும் நாட்டம் விட்டுப்போயிருந்தால், அது கலாசாரப் பிரச்சினை அல்ல. யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், கட்டணம் இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அந்த ஆசிரியரிடமும் போங்கள். அவர் சொன்னதை அவமானமாக எடுத்தீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவரை அவமானப்படுத்த நினைக்கிறவர் வீட்டுக்கு வரச் சொல்ல மாட்டார், சபையிலேயே முடித்திருப்பார். உங்களால் பதில் சொல்ல முடியாததை அவர் கண்டார், அதைப் பெரிதாக்காமல் வெளியே வந்து, ஆறுதலாய்க் கதைப்பம் என்றார். இந்த இரண்டு வருடத்தில் இலக்கியம் கதைக்க உங்களை வீட்டுக்கு அழைத்த ஒரே ஆள் அவர். மிச்சப் பக்கங்களை வாசித்து முடியுங்கள். நாளுக்கு இருபது பக்கமாகப் பார்த்தால் இரண்டு கிழமைக்குள் முடியும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் புத்தகத்தோடு போய், அன்று நாற்பது பக்கம்தான் வாசித்திருந்தேன் ஐயா என்று முதலில் சொல்லிவிட்டு, கிணறு ஏன் தூர்க்கப்பட்டது என்று நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள். பிறகு அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.